டோடோவின் உறவு இன்னும் உயிரோடிருக்கிறது

மொரீசியஸ் தீவில் டோடோ என்றொரு பறவை இருந்தது. 1598-இல் டச்சுக்காரர் அங்கே கரையேறினர். நூறாண்டு முடியுமுன் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மனிதன் காட்டை வெட்டினான். அவன் கொண்டுவந்த எலியும் பன்றியும் முட்டையைத் தின்றன. போதும் நிறுத்து என்று சொல்ல அன்று யாருமில்லை.

இன்று வாழும் பறவைகளில் டோடோவுக்கு மிக நெருங்கிய உறவு நிக்கோபார் புறா. கழுத்தில் பிடரிமயிர்போல் இறகு தொங்க, பச்சையும் செம்பும் மின்ன, நம் நாட்டின் தென்கோடியிலுள்ள பெரிய நிக்கோபாரில் அது இன்னும் இரை பொறுக்குகிறது. ராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி நக்கவாரம் என்று சொல்வது இந்த நிக்கோபார்த் தீவுக்கூட்டத்தைத்தான். வென்றதைச் சொல்லிப் பெருமைப்பட்டோமே, காக்கும் வேளையில் வாய்மூடி இருக்கலாமா?

அங்கே மெகபோட் என்றொரு பறவை, கோழியளவுதான். அது அடைகாப்பதில்லை. கடற்கரையை ஒட்டிய காட்டில் மணலையும் சருகையும் காலால் வாரிக் குவித்து மேடு கட்டி, முட்டையை உள்ளே புதைக்கிறது. சருகு மக்கும் சூட்டில் முட்டை பொரிகிறது. குஞ்சு தானே மண்ணைக் கிளறிக்கொண்டு, இறகு முளைத்த உடலோடு வெளியே வருகிறது. 2004 ஆழிப்பேரலை அந்த மேடுகளில் பெரும்பாலானவற்றை வாரிச் சென்றது. தப்பியவை மறுபடியும் கட்டின. அலைக்குத் தப்பியதை நாம் அழிப்பதா?

பெரிய நிக்கோபாரின் கலத்தியா விரிகுடாவைப் பாருங்கள். கடலாமைகளிலேயே மிகப் பெரிய தோல்முதுகு ஆமை முட்டையிட ஏறிவரும் கரை அது. 2021 ஜனவரியில் அங்கிருந்த சரணாலயத்தின் காப்பு நீக்கப்பட்டது. 2022 நவம்பரில் துறைமுகம், விமான நிலையம், நகரம், மின்நிலையம் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. திட்டத்துக்குப் போகும் காடு 130 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2023-இல் அரசு சொன்ன கணக்கிலேயே 9.64 லட்சம் மரங்கள். ஈடாக ஹரியானாவில் மரம் நடுவார்களாம். மெகபோட் ஹரியானாவுக்குப் பறந்து போகுமா? காட்டுக்குள் வாழும் சோம்பென் மக்கள் எங்கே போவார்கள்? நிக்கோபாரிப் பழங்குடி மன்றம் தான் கொடுத்த தடையின்மைச் சான்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தக் குரலாவது நம் காதில் விழுந்ததா?

வேலை வரும், வணிகம் வளரும் என்கிறார்கள். வரட்டும். ஆனால் வெட்டிய காட்டைத் திரும்ப வைக்க எந்தக் கருவூலத்திலும் பணமில்லை. நாளை பார்ப்போம் என்று தள்ளும் ஒவ்வொரு நாளும் நம் கணக்கில்தான் ஏறுகிறது. கையெழுத்திட்டவர் பேரில் மட்டுமல்ல, பேசாதிருந்த நம் எல்லோர் பேரிலும்.

எழுந்திருங்கள். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். இந்தத் தீவு எங்கே இருக்கிறது என்று உங்கள் பிள்ளைக்கு வரைபடத்தில் தொட்டுக் காட்டுங்கள். ஊர்க் கூட்டத்தில் பேசுங்கள், பள்ளியில் பேசுங்கள், கோயில் வாசலில் பேசுங்கள். நவம்பர் பிறந்தால் ஆமைகள் இருட்டில் அந்தக் கரையைத் தேடி வரத் தொடங்கும். அதற்குள் எழுதுங்கள்.