சேமிப்புப் புத்தகமும் ஃபர்ளு கிஃபாயாவும்

ஜாவாத் தீவில், யோக்யகர்த்தா நகரை அடுத்த பந்துல் மாவட்டத்தைச் சேர்ந்த பதேகன் என்னும் ஊரில், சுற்றுச்சூழல் சுகாதாரம் கற்பிக்கும் ஆசிரியரான பம்பாங் சுவெர்தா என்பவர் 2008-ஆம் ஆண்டு ஒரு வங்கியை ஆரம்பித்தார். அதில் ஜனங்கள் செலுத்துவது பணமன்று, வீட்டுக் குப்பை. காகிதம், பிளாஸ்டிக், தகரம், கண்ணாடி என்று வீட்டிலேயே தரம் பிரித்துக் கொண்டுவரும் பொருள்களை நிறுத்து, விலை கணித்து, கொண்டுவந்தவரின் சேமிப்புப் புத்தகத்தில் வரவு வைத்துவிடுகிறார்கள். பழைய சாமான் வியாபாரி வந்து மொத்தமாக வாங்கிக்கொண்டு போகிறார். சேர்ந்த தொகை பெருநாள் செலவுக்கோ குழந்தைகளின் படிப்புக்கோ உதவுகிறது. இத்தகைய வங்கிகள் இன்று இந்தோனேசியா முழுவதும் பரவியிருக்கின்றன.

காசுக்காகச் செய்யும் காரியம் தர்மமாகுமா என்னும் பழைய சந்தேகம் இங்கே எழுவது இயல்பே. நான் இதைப் பற்றி நெடுநாள் யோசித்ததுண்டு. ஒரு மாதம் சேர்த்த காகிதமும் புட்டியும் தரும் வரவு மிகச் சொற்பம். லாபத்தை மட்டும் கருதி வந்தவர், விலை சற்று இறங்கியதுமே நின்றுவிடுவார். ஆயினும் வாரந்தோறும் கழுவி, உலர்த்தி, தரம் பிரித்து எடுத்துவரும் குடும்பத் தலைவியின் சிரத்தையை அந்தச் சில்லறையால் அளக்க முடியாது. அவ்வரவையும் வேண்டாமென்று, குப்பையையே சதகாவாக, அதாவது தர்மமாக, பள்ளிவாசலுக்கு அளித்துவிடுவோரும் அந்நாட்டில் உண்டு. ஆகையால், பலனில் பற்று இருக்கிறதா என்பதைக் காட்டிலும், கடமை யாருடையது என்பதே இவ்விஷயத்தில் பெரிய கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தோனேசிய உலமாக்கள் சபை 2014-ஆம் ஆண்டு வெளியிட்ட 47-ஆம் எண் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) இக்கேள்வியைத் தீர்க்கமாகவே எதிர்கொள்கிறது. இன்னும் பிரயோஜனப்படும் பொருளை எறிவது ஹராம் என்றும், குப்பையைச் சமுதாயத்துக்குப் பயன்படும் பொருளாக்குவது வாஜிப் கிஃபாயா என்றும் அது விதிக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் 'ஃபர்ளு கிஃபாயா' என்று வழங்கும் அதே கருத்துத்தான் இது: இறந்தவருக்காகத் தொழும் ஜனாஸாத் தொழுகையைப் போல, சிலர் நிறைவேற்றினால் மற்றவர்களின் பொறுப்பு நீங்கிவிடும், ஒருவரும் நிறைவேற்றாவிட்டால் ஊரார் அனைவருமே குற்றவாளிகள்.

தெருவுக்கு நாலு பெண்கள் வங்கிக்குப் போகிறார்களே, நம் கடன் தீர்ந்தது என்று எஞ்சியவர்கள் இருந்துவிடலாமா? கூடாது. கிஃபாயா என்ற சொல்லுக்கே 'போதுமானது' என்பது பொருள். ஜனாஸா ஒரு தொழுகையோடு நிறைவுறுகிறது. குப்பையோ ஒவ்வொரு பொழுதும் ஒவ்வொரு அடுக்களையிலும் புதிதாகப் பிறக்கிறது. தெருமுனையில் அது குவிந்து கிடக்கும் வரையில், செய்தவர்கள் போதவில்லை என்பதே அர்த்தம். போதாத வரையில் கடமை எல்லோர் தலையிலும் அப்படியே நிற்கிறது.

பான்டுங் நகருக்கு அருகே, லெயுவிகாஜா என்ற இடத்தில் மலையாய்க் குவித்திருந்த குப்பை, கனமழைக்குப் பின் 2005 பிப்ரவரி 21 அன்று சரிந்து, அடிவாரத்துக் குடியிருப்புகளை மூடி, நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. அந்தக் குப்பையைப் பொறுக்கித் தரம் பிரித்துப் பிழைத்துவந்தவர்களும், அதாவது ஒரு மாநகரம் முழுவதும் செய்யாமல் விட்ட வேலையைத் தாங்கள் செய்துகொண்டிருந்தவர்களும், அக்குப்பைக்குள்ளேயே புதைந்துபோனார்கள். அந்தத் தேதியைத்தான் இந்தோனேசியா இப்பொழுது தேசியக் குப்பை விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கிறது.