இரண்டு துண்டு போதும்

தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்பவர் "விரதம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பினாங்கில் எந்த வீட்டிலும் மறுபேச்சு கிடையாது. நீட்டிய தட்டை அத்தையே திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார். குடல் எரிச்சல் நோய்க்காக ஃபோட்மேப் குறைந்த உணவில் இருக்கிறேன், சாக்லெட் இரண்டு துண்டு மட்டும் போதும் என்று சொன்னால் அதே அத்தைக்குப் புரிவதில்லை. "சாப்பிடக்கூடாதுன்னா வேணாம். சாப்பிடலாம்னா நல்லா எடுத்துக்கம்மா, தீபாவளி அதுவுமா!"

முழுசாக மறுப்பதை நம் வீடுகள் மதிக்கின்றன. கொஞ்சமாக ஏற்பதைத்தான் குறையாக நினைக்கின்றன.

வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், சிலவகைப் பருப்பு இவற்றிலுள்ள ஃபோட்மேப் எனும் சில சர்க்கரைகள் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. அவை தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்கு இறங்க, அங்குள்ள பாக்டீரியா அவற்றைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். வயிறு உப்பி, முறுக்கி வலிக்கும். இவற்றைக் குறைக்கும் முறையை வகுத்தவர்கள் மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார். இங்கே எல்லாமே அளவுக் கணக்கு. அவர்கள் சொல்வது ஒரு வேளைக்குக் கறுப்பு சாக்லெட் 30 கிராம். லாக்டோஸ் இருப்பதால் பால் சாக்லெட் 20 கிராம்.

"சர்க்கரை இல்லாதது, உனக்காகவே பார்த்து வாங்கினேன்" என்று அன்போடு கொண்டுவருபவர்களும் உண்டு. உறையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் மால்டிட்டோல், சில சமயம் இன்யூலின். வாயு கிளப்பும் அதே கூட்டம். சாதாரணக் கறுப்பு சாக்லெட்டே மேல்.

எனக்கு ஆற்றாமை வேறு ஒன்றில். இந்த உணவுமுறையின் கடுமையான முதல் கட்டம் 2 முதல் 6 வாரம்தான். பிறகு ஒவ்வொரு உணவாகத் திரும்பச் சேர்த்து, எது எவ்வளவு ஒத்துக்கொள்கிறது என்று உணவியல் நிபுணரோடு சேர்ந்து பார்க்க வேண்டும். விரதத்துக்கு முடிவு உண்டு, பயத்துக்கு இல்லை. வலிக்குப் பயந்து பலர் முதல் கட்டத்திலேயே வருஷக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். நாசி கண்டார் கடையில் எந்தக் குழம்பிலும் வெங்காயம் இருக்கும் என்று நண்பர்களோடு போவதை விடுகிறார்கள். அப்புறம் கல்யாணப் பந்தி. அப்புறம் திறந்த இல்ல உபசரிப்பு. சோறும் முட்டையுமாகத் தனியே சாப்பிடுகிறார்கள். முதல் கட்டத்திலேயே அளவோடு அனுமதிக்கப்பட்ட சாக்லெட்டையும் சேர்த்துத் தள்ளிவைப்பதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

வயிறு சரியில்லாதவரிடம் "சாப்பிடலாமா, கூடாதா?" என்று கேட்காதீர்கள். "எவ்வளவு வைக்கட்டும்?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்கும் வீட்டுக்கு நான் அழைக்காமலே போவேன்.