கேட்க வாய் வருமா?

அவசரத்துக்குப் பணம் கேட்கலாம். இன்று வாங்கினால் நாளை திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் கூடப் பிறந்த தம்பியைப் பார்த்து, "உனக்குச் சிறுநீரகம் இரண்டு இருக்கிறதே, ஒன்றை எனக்குக் கொடேன்" என்று எந்த வாயால் கேட்பது?

அமெரிக்காவில் சிறுநீரகம் பழுதுபட்ட கறுப்பின மக்களைப் பற்றிச் சில நாட்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க இந்தக் கேள்விதான் மனத்தை அரித்தது. அந்த நாட்டு ஜனத்தொகையில் கறுப்பர் நூற்றுக்குப் பதின்மூன்று பேர்தாம். சிறுநீரகம் செயலற்றுப் போனவர்களிலோ ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கறுப்பர். இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் முதற் காரணங்கள். வறுமையும், வைத்தியரிடம் காலங்கடந்து போவதும் அவற்றுக்குத் துணை. இன்னொரு காரணம் 2010-ல் தெரியவந்தது. ஆப்பிரிக்காவில் தூக்க நோயிலிருந்து முன்னோர்களைக் காப்பாற்றிய ஒரு மரபணு மாற்றம், தாய் வழியிலும் தந்தை வழியிலுமாக இரண்டு பங்கு வந்து சேர்ந்துவிட்டால் சிறுநீரகத்துக்கு எமனாகிறதாம். பாட்டன் அணிந்த கவசம் பேரனின் உடம்பை அறுக்கிறது!

இவர்கள் வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிஸிஸ் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கிறார்கள். இறந்தவருடைய சிறுநீரகம் கிடைக்க வருஷக் கணக்காகக் காத்திருக்க வேண்டும். உயிரோடிருக்கும் ஒருவர் மனமுவந்து கொடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. அப்படி வந்த சிறுநீரகம் பொதுவாக அதிக காலம் உழைக்கவும் செய்கிறது. ஆயினும் இந்த வழியில் பிழைக்கும் கறுப்பர்கள், வெள்ளையரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

அவர்களிடையே கொடுக்கும் மனம் இல்லையா? அப்படிச் சொல்கிறவர்கள் சரித்திரம் தெரியாதவர்கள். 1932 முதல் 1972 வரை அலபாமா மாநிலத்து டஸ்கீகியில், மேக நோய் கண்ட நூற்றுக்கணக்கான கறுப்பர்களை அரசாங்க சுகாதார இலாகாவே வைத்தியம் செய்யாமல் வேடிக்கை பார்த்தது. பென்சிலின் வந்த பிறகும் பார்த்தது. அதை மறந்துவிட்டு ஆஸ்பத்திரி மேஜையில் படுத்துக்கொள் என்றால் யார் படுப்பார்கள்?

அது பழைய கதை என்பவர்களுக்கு ஒரு புதுக் கதையும் உண்டு. இரத்தத்தைச் சோதித்துச் சிறுநீரகத்தின் திறனைக் கணக்கிட 1999-ல் ஒரு சூத்திரம் வகுத்தார்கள். நோயாளி கறுப்பர் என்றால் வருகிற விடையோடு ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்டக் கூட்டிக்கொள்ள வேண்டும்! காகிதத்தில் சிறுநீரகம் நன்றாக இருந்தது, உடம்பில் இல்லை. திறன் இருபதுக்கு இறங்கினால்தான் காத்திருப்போர் வரிசையில் காலம் கணக்காகும். ஆகவே அவர்கள் வரிசைக்கே பிந்தி வந்தார்கள். 2021-ல் அந்தப் பெருக்கலை நீக்கிய புதிய சூத்திரம் வந்தது. 2023-லிருந்து, இழந்த காலத்தை அவரவர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று விதி செய்தார்கள். நல்ல காரியந்தான். அதற்குள் போய்ச் சேர்ந்தவர்களுக்கு எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இத்தனையும் தாண்டி வந்த பின்னும் வாய் திறப்பதில்லை. வள்ளுவர் 'இரவு' என்று ஓர் அதிகாரம் எழுதிவிட்டு, அடுத்த அதிகாரத்துக்கே 'இரவச்சம்' என்று பெயர் வைத்தார். கேட்பதற்கு அஞ்சுவது மானமுள்ளவனின் இயல்பு. 1954-ல் பாஸ்டன் நகரில் இந்தச் சிகிச்சை முதன்முதல் வெற்றி பெற்றபோது, கொடுத்தவர் ரொனால்ட் ஹெரிக், பெற்றவர் அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்ட். ஆபரேஷனுக்கு முந்திய இரவு, எழுந்து வீட்டுக்குப் போய்விடு என்று ரிச்சர்ட் சீட்டு எழுதி அனுப்பினாராம். நான் இங்கேதான் இருக்கப் போகிறேன் என்று பதில் வந்தது. வெள்ளையர், வசதியான ஆஸ்பத்திரி, சம்மதித்துவிட்ட சகோதரன்; அவருக்கே அவ்வளவு கூச்சம்!

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியார் இதற்கு ஓர் உபாயம் கண்டார்கள். நோயாளிக்காக அவருடைய நண்பரோ உறவினரோ ஒருவர் பேசட்டும் என்று அந்த ஒருவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பாஸ்டனிலோ கறுப்பின நோயாளிகளின் வீட்டுக்கே போனார்கள். உற்றார் உறவினரைக் கூட்டி வைத்து, இன்னது லாபம், இன்னது ஆபத்து என்று விளக்கினார்கள். 2014-ல் வெளியிட்ட முடிவு இது: நோயாளியைத் தனியாக அழைத்துப் பேசியதைவிட, வீட்டுக்குப் போய்ப் பேசியபோதுதான் அதிகம் பேர் தாமாக முன்வந்து விசாரித்தார்கள். கேட்காமல் இருப்பதும் ஒரு தீர்ப்புத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் தரமாட்டான், அல்லது தரக்கூடாது என்று அவனைக் கலக்காமல் நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

ஆனால் இதில் ஒரு முள் இருக்கிறது. அதே 2014-ல் மற்றோர் ஆய்வும் வந்தது. சிறுநீரகம் கொடுத்தவர்களில் பதினைந்து வருஷத்துக்குள் தாமே சிறுநீரகம் பழுதாகி நின்றவர்கள், வெள்ளையரில் பதினாயிரத்துக்குச் சுமார் 23 பேர். கறுப்பரில் சுமார் 75 பேர். சிறு தொகைதான். ஆனால் மூன்று மடங்கு. "என் பிள்ளையிடம் வாங்க மாட்டேன்" என்று ஒரு கறுப்புத் தாய் சொன்னால், அதை வீண் பிடிவாதம் என்று நான் சொல்ல மாட்டேன். அவளைத் தின்ற வியாதி அவன் இரத்தத்திலும் ஒளிந்திருக்கக் கூடும். இந்த எண்ணிக்கையை மறைத்துக் கேட்கிறவன் தானம் கேட்கவில்லை, திருடுகிறான்.

ஆகையால் 'இல்லை' என்ற சொல்லைத் தாங்கிக்கொள்ள முடிந்தவனுக்கே கேட்க உரிமை என்று வைக்கலாமா? ஆஸ்பத்திரிகளும் அப்படித்தான் நினைத்திருக்கின்றன போலும். கொடுப்பவரின் நலனை மட்டும் கவனிக்க, நோயாளியின் வைத்தியரோடு சம்பந்தமில்லாத தனி ஆள் ஒருவர் அங்கே இருக்கிறார். கொடுப்பவர் கடைசி நிமிஷத்தில்கூடப் பின்வாங்கலாம். அப்போது நோயாளியிடம், 'இவர் பொருத்தமானவர் அல்லர்' என்று மட்டும் சொல்வார்கள். உண்மைக் காரணம் வெளியே வராது. பொய்தானே என்று கேட்பவர்கள் கேட்கட்டும். தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டிய குடும்பங்களை நான் அறிவேன். அந்த மறைப்பை என்னால் குறை கூற முடியவில்லை.

கறுப்பின வைத்தியர் ஒருவரின் ஞாபகம் வருகிறது. ஆர்க்கன்ஸா மாநிலத்தில் பிறந்த சாமுவேல் கவுண்ட்ஸ், கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்றவர். தலைவரிடமே நேரில் போய்க் கேட்டு இடம் வாங்கினார். பின்னாளில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சையில் பெரும் புகழ் பெற்றார். 1976-ல் ஒரு நாள் காலை, அந்த ஆபரேஷனைத் தொலைக்காட்சியில் நாடே பார்க்கச் செய்து காட்டினார். அதைப் பார்த்துவிட்டு, எங்கள் சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று இருபதாயிரம் பேர் வரை முன்வந்தார்களாம்.