முருங்கைக்காய்க் கோபம்

காய்கறி வண்டிக்காரர் அக்காவுக்கு முற்றிய முருங்கைக்காயைக் கொடுத்துவிட்டார். வாசலில் சண்டை. அது புதிதில்லை, அக்கா சண்டை போடுவாள், அடுத்த காபிக்குள் மறந்தும் போவாள். அன்று ராத்திரி சாப்பிடும்போதும் அதையே சொன்னாள். மறுநாள் துணி மடிக்கும்போதும், "முத்தின காயைத் தலையில கட்டிட்டான்டா" என்றாள். அழவில்லை, குரல் உயரவில்லை. சில வாரம் கழித்து டாக்டர் மனச்சோர்வு என்றார். மாத்திரை எடுத்தாள், இப்போது தேவலை. எனக்குத்தான் அந்த முருங்கைக்காய் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

மார்ட்டன் ஷெஃபர் நெதர்லாந்தில் ஏரிகளை ஆராய்ந்தவர். தெளிந்த ஏரி ஒரேயடியாகக் கலங்குவதற்கு முன், சின்னத் தொந்தரவிலிருந்து மீளவே அதற்கு நேரம் பிடிக்குமாம். 2014இல் அவரும் சகாக்களும் இதை மனச்சோர்வுக்கும் பொருத்திப் பார்த்தார்கள். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 57 வயதுக்காரர் ஒருவர், மனச்சோர்வு மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்த காலத்தில், 239 நாள், தினமும் பத்து தடவை வரை தன் மனநிலையைக் குறித்தார். நோய் திரும்புமுன்பே, ஒரு வேளையின் மனநிலை அடுத்த வேளைக்கும் ஒட்டிக்கொண்டு வருவது கூடியிருந்தது.

ஆக, கோபம் வந்ததா என்பதல்ல, எப்போது போனது என்பதுதான் கேள்வி. முருங்கைக்காய் மறுநாளும் இருந்தது.

ஆனால் மனநிலையைக் கணிக்கிற வேலை எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். அப்பா சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தத்தை வைத்தே அன்றைய ராத்திரி எப்படி என்று அக்காவும் நானும் சொல்லிவிடுவோம். படீரென்றால் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொள்வோம். பாதி நாள் கணிப்பு தப்பும். அவர் கடலை மிட்டாயோடு சிரித்துக்கொண்டே வருவார். எங்களுக்குத்தான் வயிறு இளகாது. கவனித்துக்கொண்டே இருப்பது அன்பா, பயமா என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

ஆய்வாளர்களின் கணிப்பும் அப்படித்தான். பிறகு இன்னும் பலரிடம் அவர்கள் பார்த்தபோது, சிலருக்கு மனநிலை ஒட்டிக்கொள்ளும் அந்த அறிகுறி வராமலேயே நோய் வந்தது. சிலருக்கு அறிகுறி வந்தும் ஒன்றும் ஆகவில்லை. முற்றிய காய்க்கு இரண்டு நாள் புலம்பிவிட்டு நன்றாகவே இருப்பவர்கள் ஊரில் எத்தனை பேர்!

இப்போது அக்கா எதையாவது இரண்டாம் முறை சொன்னால் என் காது நிமிர்கிறது. அவளுக்கு அது தெரிந்துவிட்டது. சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்திக்கொள்கிறாள். அந்த 57 வயதுக்காரர் தன்னைத் தானே குறித்துக்கொண்டார். ஒருவருக்காக இன்னொருவர் குறித்தால் அது உதவுமா, அவர் வாயை அடைக்குமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.