பிள்ளையின் பொழுதைக் கூட்டிப் பார்ப்பவர் யார்?



பிள்ளைக்கு ஓய்வு என்பது வேலை முடிந்தபின் கொடுக்கப்படும் கூலியா, அல்லது பிறப்போடு வந்த உரிமையா? இக்கேள்வியை வன்னி மண்ணில் எழுப்புவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். "படிக்க வழியின்றித் தவித்த எங்களிடமா ஓய்வைப் பற்றிப் பேசுகிறீர்கள்?" என்று ஒரு தாய் கேட்டால் அதில் நியாயம் உண்டு. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிளிநொச்சி மக்கள் இடம்பெயர்ந்தபோது பாடசாலைகளும் கூடவே பெயர்ந்தன. 2009இல் செட்டிகுளத்து முகாம்களிலே கூடாரங்களின் கீழ்ப் படித்த சிறுவர்களில் பலர் இன்று பெற்றாராகிவிட்டனர். தமக்குக் கிட்டாதது தம் பிள்ளைக்குக் கிட்டவேண்டும் என்று அவர்கள் துடிப்பதைப் பேராசை என்று யார் சொல்வார்?

ஆயினும் ஒரு நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். கண்டி வீதியிலிருந்து சில மைல் உள்ளே தள்ளியிருக்கும் கிராமத்துப் பிள்ளை காலை 5 மணிக்கு எழும்புகிறது. 7.30க்குப் பாடசாலை. 1.30க்கு அது முடிந்ததும் விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி. 4 மணிக்கு ரியூசன் வகுப்பு. 6.30க்கு வீடு திரும்பும் பஸ். பிறகு வீட்டுப்பாடம். படுக்கும்போது 10.30. ஆக, நித்திரை ஆறரை மணித்தியாலம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை 9 முதல் 12 மணித்தியாலமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரை 8 முதல் 10 மணித்தியாலமும் உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. சரி, சனியும் ஞாயிறும் ஈடுசெய்யுமா? சனிக்கிழமை நடனமும் ஆங்கிலமும் காத்திருக்கின்றன. ஞாயிறன்று திருப்பலி, மறைக்கல்வி, பாடகர் குழாம், மாலையில் மீண்டும் ஒரு வகுப்பு.

இவற்றுள் தீயது எது? ஒன்றுமில்லை. ஓட்டம் உடலை வளர்க்கிறது. பாட்டு மனத்தை வளர்க்கிறது. ஒவ்வொருவரும் கேட்பது ஒரு மணித்தியாலந்தான். ஆனால் எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பவர் எவருமில்லை. அந்தக் கூட்டுத்தொகையைச் சுமப்பது பிள்ளையின் உடல் மட்டுமே. நம் பங்குகளும் இதற்கு விலக்கல்ல. ஞாயிறு காலையில் தனியார் வகுப்பு வேண்டாம் என்று நாம் கோருகிறோம். அப்படி மிஞ்சும் நேரத்தைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கவா, நாமே எடுத்துக்கொள்ளவா?

இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம் செய்யும் விவசாயிக்கு இது விளங்கும். குளத்தில் எவ்வளவு நீர் நிற்கிறதென்று முதலில் பார்க்கிறார்கள். பின்னர் கூட்டம் கூடி, இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று முடிவெடுக்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் வயலை மட்டும் நினைத்து வாய்க்காலை வெட்டினால், கதிர் முற்றுமுன் குளம் வற்றிவிடும். எல்லார் பயிரும் கருகும். பிள்ளையின் பொழுதும் அளவுள்ள குளமே.

ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமை என்கிறது. இலங்கை 1991இல் இதனை ஏற்று உறுதிசெய்தது. அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னரே, ஓய்வுநாள் கட்டளை வீட்டுத் தலைவனோடு நின்றுவிடாமல் மகனையும் மகளையும் பணியாளரையும் கால்நடையையும் சேர்த்தே பேசியது. உழைத்து முடித்தாயா என்று அது எவரையும் கேட்கவில்லை.

"என் பிள்ளை மட்டும் ஒரு வகுப்பை விட்டால் பின்தங்கிவிடுமே" என்பீர்கள். உண்மை. அதனால்தான் இது ஒரு வீட்டார் தனித்துத் தீர்க்கக்கூடிய காரியமன்று. பாடசாலை அபிவிருத்திச் சங்கமும், ரியூசன் ஆசிரியர்களும், பங்கு மக்களும் ஒன்றாக இருந்து பேசவேண்டும். வாரத்தில் ஒரு மாலையாவது எவரும் தொடாத மாலையாக இருக்கட்டும். தண்ணீர் அள்ளுவதும், ஆடு கட்டுவதும், தம்பி தங்கையைப் பார்ப்பதுமாக வீட்டில் உழைக்கும் ஏழைப் பிள்ளையின் நேரமும் இந்தக் கணக்கில் சேரட்டும்.

இன்றிரவே ஒரு தாளை எடுங்கள். முதலில் உறக்கத்துக்குரிய மணித்தியாலங்களை எழுதுங்கள். மிஞ்சியதில் மற்றவற்றைப் பங்கிடுங்கள். இடம் போதாவிட்டால் எதை விடுவது என்று பிள்ளையையே கேளுங்கள். அதன் பதிலுக்குச் செவிகொடுக்க நாம் ஆயத்தமா?