ஒரு பாயளவு நிலம்



தலையான பாவங்கள் ஏழென்று ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். ஆங்காரத்தில் தொடங்கும் அந்த வரிசை சோம்பலில் முடியும். கடைசியில் நிற்பதாலோ என்னவோ, சோம்பலை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. பிந்தி எழும்புகிற பையனைத் திட்ட உதவும் ஒரு சொல் என்பதோடு விட்டுவிடுகிறோம்.

ஆதித் திருச்சபையின் வனவாசிகள் அப்படி விடவில்லை. எகிப்து தேசத்து வனாந்தரத்தில் தவம் செய்து 399-ம் ஆண்டு மரித்த எவாகிரியுஸ் என்னும் துறவி, மனிதனைச் சோதிக்கும் எட்டுத் துர்ச்சிந்தனைகளைப் பற்றி எழுதினார். அவற்றுள் ஒன்றுக்குக் கிரேக்க பாஷையில் அக்கேதியா என்று பேர். அக்கறையற்றுப் போதல் என்று சொல்லலாம். பின்னாளில் அந்த வரிசை ஏழாகச் சுருங்கியபோது, அதுவே சோம்பல் என்ற பேரோடு நம் ஞானோபதேசத்தில் வந்து சேர்ந்தது. ஆனால் அவர் விவரிக்கும் ஆள் தூங்குமூஞ்சி அல்ல. காலை 10 மணிமுதல் பகல் 2 மணிவரை இந்தப் பேய் நெருக்குமாம். சூரியன் நகராமல் நின்றுவிட்டது போலிருக்கும். பகலுக்கு 50 மணி நேரம் உண்டோ என்று தோன்றும். துறவியானவன் சன்னலைப் பார்ப்பான், வெளியே வருவான், சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறதென்று வெயிலை அளப்பான், யாராவது பேச வருகிறார்களா என்று நாலு பக்கமும் நோக்குவான். இருக்கிற இடம் கசக்கும், கைவேலை கசக்கும். வேறிடம் போனால் எல்லாம் சரியாகும் என்று மனம் சொல்லும். இனிமேல் கழிக்கவேண்டிய ஆயுசு முழுவதும் ஒரே பாரமாய்க் கண்முன் வந்து நிற்கும்.

சன்னலுக்குப் பதில் கைப்பேசி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றதில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

இதைப் பிறருக்கு உபதேசமாக எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. போன மழைக்காலத்தில் மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்தேன். எழுந்து மேசைக்கு வந்தபோது, ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏற்றவேண்டிய துண்டுச் சீட்டுகள், விவாக விசாரணைத் தாள்கள், ஆயரில்லத்துக்கு அனுப்பவேண்டிய வருஷக் கணக்கு, பதில் போடாத கடிதங்கள் எல்லாம் குவிந்து கிடந்தன. உட்காருவேன், குவியலைப் பார்ப்பேன், கோவில் கதவைப் பூட்டினார்களா என்று பார்த்துவர எழும்புவேன். பூட்டித்தான் இருக்கும். திரும்பி வந்து பென்சில்களைச் சீவுவேன். நாலு பென்சிலும் ஊசிபோல் ஆயின. வேலை கிடந்த இடத்திலேயே கிடந்தது. பத்து நாள் இப்படி. உள்ளபடி சொன்னால், அந்த நாட்களில் கட்டளை ஜெபமும் வாயளவில்தான் நடந்தது. பூசை முடித்துப் பீடத்தைவிட்டு இறங்கும்போது, எதற்காக ஏறினேன் என்ற நினைவே இராது. எனக்கு அதுதான் பயமாயிருந்தது.

ஒரு சாயங்காலம் கோவில்பிள்ளை வாசலில் வந்து நின்றார். "சாமி, ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஞானஸ்நானச் சான்று கேட்கிறார்களாம். தாய்க்காரி வெளியே நிற்கிறாள். ஒரு சீட்டுத்தானே சாமி" என்றார். ஒரு சீட்டுத்தான். பதிவேட்டைத் திறந்தேன், பேரைக் கண்டுபிடித்தேன், எழுதினேன், கையொப்பமிட்டு முத்திரை குத்தினேன். அந்த அம்மாள் தோத்திரம் சொல்லிவிட்டுப் போனாள். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். பதிவேடு திறந்தபடி இருந்ததால் ஒரு துண்டுச் சீட்டை எடுத்து ஏற்றினேன். பிறகு இன்னொன்று. இராச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது 11 சீட்டுகள் ஏறியிருந்தன. மறுநாள் எல்லாம் சுகமாயிற்று என்று நினைக்காதேயுங்கள். மறுநாளும் அதே பாரந்தான். ஆனால் எங்கே கை வைப்பதென்று தெரிந்திருந்தது.

பென்சில் சீவியதும் சின்ன வேலைதானே என்று கேட்பீர்கள். அது வேலையினின்று ஓட நான் கண்டுபிடித்த வழி. அதற்காக யாரும் வாசலில் காத்து நிற்கவில்லை. செய்யவேண்டிய காரியத்திலேயே ஒரு துண்டைப் பிய்த்தெடுக்க வேண்டும். எடுத்ததை முடிக்கவும் வேண்டும்.

நம் ஊர்ப்பக்கம் மாடு கன்றுகளுக்காக வேண்டிக்கொள்ளும் வனத்து அந்தோணியாருக்கே இந்தச் சோதனை வந்தது. 356-ம் ஆண்டு, 105-ம் வயதில் மரித்ததாகச் சொல்லப்படும் அந்த மகாத்துமா, ஒருநாள் மனம் இருண்டு சோர்ந்துபோனார். இரட்சணியம் அடைய விரும்புகிறேன், என் நினைவுகள் என்னை விடவில்லையே, என்ன செய்வேன் என்று ஆண்டவரிடம் முறையிட்டார். வெளியே வந்தபோது, தம்மைப் போன்ற ஒருவன் உட்கார்ந்து கயிறு திரிப்பதைக் கண்டார். அவன் எழுந்து ஜெபித்தான். மறுபடி உட்கார்ந்து திரித்தான். மறுபடியும் எழுந்து ஜெபித்தான். அவரைத் தேற்றுவதற்காக வந்த சம்மனசு அது. இப்படிச் செய், ஈடேறுவாய் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. தரிசனம் என்றால் வானம் திறக்கும், சிங்காசனம் தெரியும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். இவருக்குக் காட்டப்பட்டதோ கயிறு.

அந்த வனவாசிகளைப் பற்றிய பழைய தொகுப்பிலேயே இன்னொரு கதையும் உண்டு. பாவத்தில் விழுந்து, துறவற ஒழுங்கையெல்லாம் விட்டுவிட்டு, மறுபடி எப்படித் தொடங்குவதென்று திகைத்த ஓர் இளந்துறவிக்கு ஒரு பெரியவர் சொன்னது. ஒருவனுக்கு நிலம் இருந்தது. கவனிப்பாரில்லாமல் முள்மண்டிப் போயிற்று. மகனைக் கூப்பிட்டு, போய்த் திருத்து என்றான். பையன் போய்ப் பார்த்தான். எங்கு பார்த்தாலும் முள். இதை எந்தக் காலத்தில் முடிப்பது என்று மலைத்துப் படுத்துத் தூங்கிவிட்டான். மறுநாளும் அப்படியே. பல நாள் கழித்துத் தகப்பன் வந்து பார்த்தான். ஒரு முள்ளும் எடுபடவில்லை. அவன் அடிக்கவில்லை. மகனே, நீ படுத்துக் கிடக்கிற இடம் எவ்வளவோ, தினமும் அவ்வளவை மட்டும் வெட்டு என்றான். ஒரு பாயளவு நிலம்! பையன் அப்படியே செய்தான். சில நாளில் நிலம் துப்புரவாயிற்று.

இந்தக் கதையை, மனைவியை இழந்த ஒருவருக்குச் சொன்னேன். (பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதல்ல, அவர் வீட்டுத் திண்ணையில் பேசியது. எழுதச் சம்மதமும் தந்தார்.) எட்டு மாதமாய்ப் பூசைக்கு வரவில்லை. அடுப்புப் பற்றவைப்பதும் நின்றுவிட்டது. "கோவிலுக்கு வரவேண்டுமானால் முதலில் பாவசங்கீர்த்தனம். அதற்கு முன்னே தம்பியோடு சமாதானம். அதற்கு முன்னே அவனுக்குத் தரவேண்டிய கடன். எங்கே சாமி தொடங்குவது?" என்றார். உள்ளே செப்புக் குடம் பச்சை பிடித்துக் கிடந்தது தெரிந்தது. இன்றைக்கு அதை மட்டும் புளி போட்டுத் துலக்குங்கள். ஜெபமாலை முழுவதும் வேண்டாம், படுக்கும்போது ஒரே ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கள் என்றேன். "அவ்வளவுதானா?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டார். யோர்தானில் ஏழுமுறை முழுகு என்றதற்கு நாமான் சேனாபதியும் கோபித்தவர்தானே என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு அவரே சொன்னார்: குடத்தைத் துலக்கியபின் அதில் தண்ணீர் பிடிக்கவேண்டியிருந்ததாம்; தண்ணீர் இருக்கவே காப்பி போடத் தோன்றிற்றாம். மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, தீர்த்தத் தொட்டியருகே கடைசித் தூணில் சாய்ந்து நிற்கக் கண்டேன். நற்கருணை வாங்க வரவில்லை. தம்பி காரியம் இன்னும் முடியவில்லை.

எலியாஸ் தீர்க்கதரிசி, ஜெசபேலுக்குப் பயந்து வனாந்தரத்தில் ஓடி, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிப் படுத்துக்கொண்டாரே, அங்கே வந்த சம்மனசு என்ன சொல்லிற்று? எழுந்து சாப்பிடு என்றது. ஓர் அப்பம், ஒரு குடுவைத் தண்ணீர். சாப்பிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். சம்மனசு அதற்காகக் கடிந்துகொள்ளவில்லை. இரண்டாம் முறை எழுப்பிச் சாப்பிட வைத்த பிறகுதான் ஓரேப் மலைக்கு 40 நாள் நடைப் பயணம். ஆகையால் வீட்டில் யாராவது இப்படிக் கிடந்தால், சோம்பேறி என்று ஏசாதேயுங்கள். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய், சாகலாமென்ற எண்ணம் வருகிறவர்களுக்குச் சின்ன வேலை மட்டும் போதாது. அது வைத்தியர் பார்க்கவேண்டிய நோய். போகத் துணையில்லையானால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வருகிறேன்.

வருகிற சனிக்கிழமை மாலை 4 மணிமுதல் 6 மணிவரை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன். பல வருஷமாய் வராதவர்கள், எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திக்கொண்டு வரலாமென்று நாளைக் கடத்த வேண்டாம். "எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை சாமி" என்று மட்டும் சொல்லி முழந்தாளிடுங்கள். மிச்சத்தை நான் கேட்டுக்கொள்கிறேன். ஆள் வராத நேரத்துக்கென்று ஒரு கட்டுத் துண்டுச் சீட்டும் கையோடு கொண்டுவருவேன். இன்னும் 40 பாக்கி.

இங்ஙனம்,
உங்கள் பங்குக்குரு