ரிம் பெரிதானால் கார் உயருமா?

மாருதி ஸ்விஃப்டின் ஆரம்ப ரகங்களுக்கு 165/80 R14 டயர். மேல் ரகங்களுக்கு 185/65 R15. காரைக்குடியில் 14 அங்குல இரும்பு வீலைக் கழற்றி அலாய் வீல் போட நினைப்பவருக்கு முதலில் வரும் சந்தேகம், 15 அங்குலம் போட்டால் வண்டி உயர்ந்துவிடுமோ என்பது.

டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைக் கொண்டே கணக்குப் போடலாம். 165 என்பது மில்லிமீட்டரில் அகலம். அதில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். ரிம்மின் விட்டம் 14 அங்குலம், 355.6 மி.மீ. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர். எல்லாம் கூட்டினால் 619.6. இதே முறையில் 185/65 R15 டயருக்கு 621.5 வரும். ரிம் வளர்ந்த அளவுக்குச் சுவர் குறைந்துவிட்டது. வித்தியாசம் 2 மி.மீ.கூட இல்லை.

அதே ரிம்மில் 205/65 போட்டால் 647.5 ஆகிவிடும், நாலரை சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 84-இல் ஓடும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் உரசவும் வாய்ப்புண்டு.

195/55 R16 கணக்கில் தப்பிவிடும்: 620.9. ஆனால் சுவர் 132-இலிருந்து 107 மி.மீ.ஆகக் குறைந்துவிடும். படைப்பு வழிபாட்டுக்கு ஐந்து பேரும் சாமானுமாகச் சென்னையிலிருந்து வரும் வண்டி, கானாடுகாத்தான் பக்கம் இருட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடியைத் தாங்க வேண்டியது அந்தச் சுவர்தான். அது மெலிந்திருந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகும். ரிம் வளையும், டயர் புடைக்கும். அழகுக்காக இந்த 25 மி.மீ. ரப்பரை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பழைய வீல் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்விஃப்டுக்கு 100 மி.மீ. வட்டத்தில் நான்கு துளைகள். ஹோண்டா சிட்டியின் நான்கு துளை வீலுக்கும் அதே வட்டம்தான். ஆனால் நடுத்துளை ஸ்விஃப்டில் 54.1 மி.மீ., சிட்டியில் 56.1. இடைவெளிக்கு வளையம் போடாவிட்டால் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கலாம். ரிம் உள்வாங்கும் அளவான ஆஃப்செட்டும் ஒத்துப்போக வேண்டும்.

அளவுக்குப் பின்னால் வரும் எண் சுமைக்கானது. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். கம்பெனி கொடுத்ததைவிடக் குறைந்த எண்ணை வாங்காதீர்கள். செட்டிநாட்டுச் சாலையில் ஓடும் ஸ்விஃப்டுக்கு 185/65 R15 போதும்.